ஊர் முழுக்க டாக்டர் சுயம்புக்கனி

பால்துரை மகள் சுயம்புக்கனி தன் பாடப் புத்தகங்களை அம்மாவின் பழைய சேலை ஒன்றில் மூட்டையாகக் கட்டிப் பரணில் தூக்கிப் போட்ட அன்று மத்தியானம்தான், தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கிற நண்டுமேட்டில், டீக்கடை மிக்கேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பச்சைச் சுண்ணாம்பு அடித்த நீளமான வார்டு ஒன்றில், யாரோ ஒரு கிழவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "மூச்ச நல்லா இழுத்து விடுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கனவு கண்டார்.

நண்டுமேட்டுக்காரர்கள் மத்தியானம் தூங்குகிறவர்கள். விடியும் முன்னே அளத்தில் இறங்கி, வெயில் ஏறி உப்புப் பாத்தியெல்லாம் கண்ணாடிச் சில்லாகக் கண்ணைக் குத்தத் தொடங்குவதற்குள் வாரிக் குவித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்துத் தலையைச் சாய்த்தார்கள் என்றால் நாலு மணி டீக்குத்தான் எழுந்திருப்பார்கள். அந்த நேரத்தில் புது ஆள் தெருவில் நடந்து போனால் நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது. அப்படிப்பட்ட ஊரில், போக்கிடம் இல்லாமல் ஒரு கனவு தெருவில் வந்து நின்றால், அதற்குப் படுக்க இடமா கிடைக்காது?

அந்தக் கனவு சுயம்புக்கனியிடம் வந்தது அவளுடைய ஏழு வயதில். கண் பரிசோதனை முகாம் என்று ஒரு டாக்டரம்மா அளத்துக்கே வந்திருந்தார். கவிழ்த்துப் போட்ட உப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து, கனியின் அம்மா லிங்கம்மாளின் எரிகிற கண்களைத் தன் கைக்குட்டையால் துடைத்து, மருந்து ஊற்றி, "இப்ப நான் தெரியிறேனா பாருங்க" என்று சிரித்தார். லிங்கம்மாளும் சிரித்தாள். அம்மாவைச் சிரிக்க வைத்த அந்த வேலைதான் தனக்கும் வேண்டும் என்று கனி அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டாள். அதற்குப் பிறகு அவளை அளத்துப் பக்கம் விடவில்லை லிங்கம்மாள். உப்பு வாருகிற வாருபலகையைத் தொடாமலே வளர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கும் வாங்கினாள். ஆனால் மருத்துவ நுழைவுத் தேர்வு முதல் தடவை அவளைத் தூர எறிந்தது. மறு தடவை கிட்டத்தில் வரவிட்டுக் கதவைச் சாத்தியது. "போதும்மா, நான் பொட்டலம் போடுத ஷெட்டுக்கு வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கனி புத்தகத்தைப் பரணில் போட்டாள். அன்றைக்குக் கட்டை மாதிரித் தூங்கி எழுந்தாள், ஒரு கனவும் வரவில்லை.

மிக்கேல் தன் கனவை நாலு மணி டீக்கு வந்தவர்களிடம் சொன்னபோது, "அந்தக் கிழவர் பிழைச்சுட்டாரா?" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் மத்தியானம் உப்புச் சுமக்கிற வண்டிமலைச்சி அதே வார்டுக்குப் போனாள். புருஷனை இழந்து தனியாக இருக்கிறவள், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் வார்டுக்குள் காலை வைத்ததும் எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மிக்கேல் இருமல்காரரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கை முறிந்த ஒருவனுக்குக் கட்டுப் போட்டாள். அதற்கடுத்த நாள் கோயில் தெரு பெண்கள், அப்புறம் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள், அப்புறம் சர்ச் தெருவில் பாதி என்று ஒவ்வொருவராகக் கண்ணயர்ந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து சேர, ஆள் கூடக்கூட வார்டும் நீண்டுகொண்டே போனது. ஒரு வாரத்தில் ஊரில் டாக்டர் இல்லாத வீடு இல்லை.

எல்லாருடைய கோட்டிலும் நெஞ்சுப் பக்கம் ஒரு பெயர் தைத்திருந்தது. மிக்கேல்தான் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: டாக்டர் பா. சுயம்புக்கனி, எம்.பி.பி.எஸ். அவருக்கும் அதே பெயர்தான், வண்டிமலைச்சிக்கும் அதே பெயர்தான், மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்த அளத்துக் கங்காணி சிவனணைந்த பெருமாளுக்கும் அதே பெயர்தான்.

லிங்கம்மாள் எழுந்ததும் எழாததுமாக மகளிடம் வந்தாள்.

"ஏளா கனி, நீ வேண்டாம்னு தள்ளுனது இப்ப ஊர் மேயுதுளா. எல்லார் சட்டையிலயும் உன் பேருதான் கெடக்கு."

"மேயட்டும்" என்றாள் கனி. "எனக்கு நிம்மதி."

சொல்லிவிட்டாளே தவிர, பொங்கலுக்கு எடுத்த தன் பாவாடையைப் பக்கத்து வீட்டுப் பெண் உடுத்திக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஷெட்டில் உப்புப் பொட்டலத்துக்கு வாய் ஒட்டிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவர்களிடம், "நேத்து யாரு வந்தா? என்ன நோயாம்?" என்று அக்கறையே இல்லாதவள் மாதிரிக் கேட்டுக்கொள்வாள்.

ஊர் அந்தக் கனவைப் புதிதாகக் கட்டிவந்த மருமகளைப் போலச் சட்டென்று ஏற்றுக்கொண்டது. நாலு மணி டீ இப்போது நீண்டுபோனது. அவரவர் பார்த்த நோயாளிகளைப் பற்றிப் பேசி முடிக்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. காய்ச்சல்காரனுக்கு ஊசி போட்டது சரியா என்று சண்டை நடந்தது, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அண்ணனும் தம்பியும் ஆபரேஷன் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்க நேர்ந்து, கத்தரியைக் கேட்டு வாங்கிய பழக்கத்தில் மறுநாள் தெருவிலும் பேசிவிட்டார்கள். பெரிய சங்கடம் கங்காணிக்குத்தான். வார்டில் யார் முதலில் வந்தார்களோ அவர்கள்தான் மூத்த டாக்டர் என்பதால் அவர் வண்டிமலைச்சிக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியிருந்தது. "சிவனணைஞ்ச பெருமாள், அந்தப் புண்ணத் தொடைச்சு விடுங்க" என்று அவள் சொல்ல, "சரிங்கம்மா" என்று சொல்லிப் பழகிய வாய், அளத்திலும் அவளைப் பார்த்ததும் "ஏட்டி" என்று கூப்பிட வராமல் தடுமாறியது. வெயிலில் சுருண்டு விழுந்தவனுக்குக் கனவில் அவரே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியிருந்ததால், ஒருநாள் யாரும் கேட்காமலேயே அளத்தின் நடுவில் ஓலைக் கொட்டகை ஒன்றைப் போட்டு, குடிக்க ஒரு டிரம் தண்ணீரும் வைத்துவிட்டு, அதைப் பற்றி யாரும் தன்னிடம் பேசக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு, ஆடி மாசத்துக் காற்றில், மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பிள்ளை வந்து சேர்ந்தது. ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று குடித்தது. ஒரு குடம் வைத்தால் ஒரு குடத்தையும் குடித்தது. சோறும் நன்றாகத்தான் தின்றது, ஆனாலும் நாளுக்கு நாள் குச்சியாகப் போனது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்ற நோய்க்கெல்லாம் கை தானாகவே மருந்தை எடுத்தது. இந்தக் கட்டில் பக்கம் வந்ததும் எல்லாருடைய கையும் கோட்டுப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

கடைசியில் வண்டிமலைச்சிக்குத்தான் விளங்கியது. அந்தக் கனவுக்குக் கனி படித்த வரைக்கும்தான் தெரியும். அவள் படிக்காமல் விட்ட பாடத்துக்குள்தான் அந்தப் பிள்ளையின் நோய் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் ஊரே கனியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. வண்டிமலைச்சி முன்னால் நின்று, அந்தப் பிள்ளை தண்ணீர் குடிப்பதையும் மெலிவதையும் சொன்னாள்.

"அத்தை, அது கனவு" என்றாள் கனி. "கனவுல வாற பிள்ளைக்கு என்ன ஆனாத்தான் என்ன?"

"உனக்கென்ன, நீ பார்க்கல. என் கையப் புடிச்சிக்கிட்டு, 'டாக்டர், நான் எப்ப வீட்டுக்குப் போவேன்'னுல்லா கேக்கு. நான் என்ன பதில் சொல்ல?" என்றாள் வண்டிமலைச்சி. "சட்டையில உம்பேரு போட்டிருக்கு. அது எங்கிட்ட கேக்கல, உங்கிட்டத்தான் கேக்கு."

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, "சுகரா இருக்குமோ?" என்றார்கள். "சின்னப் பிள்ளைக்கு எங்க சுகர் வரும்?" என்றார் கங்காணி. அந்தக் கேள்விக்குத் தனக்கும் பதில் சரியாகத் தெரியாது என்பது கனிக்கு முள் குத்தின மாதிரி இருந்தது. சுரப்பிகளைப் பற்றிய அந்தப் பாடத்தைப் பெயர்களெல்லாம் வாயில் நுழையவில்லை என்று இரண்டு தேர்விலும் தாண்டிப் போனவள் அவள். விறுவிறுவென்று உள்ளே போய்ப் பரணிலிருந்து மூட்டையை இழுத்தாள். தலையெல்லாம் தூசியாக வாசலுக்கு வந்து, ஊர் பின்னாலேயே வர மிக்கேல் கடைக்குப் போய், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் கேட்கும்படி முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

"வரும் அண்ணாச்சி, பிள்ளைகளுக்கும் வரும்" என்று நடுவில் தலையைத் தூக்கினாள். "வயித்துல கணையம்னு ஒண்ணு இருக்கு. அது இன்சுலின் சுரக்கணும். சுரக்கலன்னா, திங்குத சர்க்கரை ரத்தத்துலயே கெடந்து, உடம்புக்குச் சேராம, அம்புட்டையும் ஒண்ணுக்காக் கழிக்கும். அதான் தாகம். அதான் மெலிவு."

"அப்ப அந்த இன்சுலின நாம வெளியே இருந்து குடுத்தா?" என்று கேட்டது கூட்டம்.

"குடுத்தா அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், ஓடும், வெளாடும். நாம தெனம் மறக்காம குடுக்கணும், அம்புட்டுத்தான்."

மறுநாள் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் அதிகம். நாலு மணிக்கு நண்டுமேட்டில் எந்த வீட்டுக் கதவு திறந்தாலும் சிரித்த முகமாகத்தான் வெளியே வந்தது. ஊசி போட்டது வண்டிமலைச்சி. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டது கங்காணி. அது எழுந்து உட்கார்ந்து, "எனக்கு அந்த ஜன்னலத் தொறந்து விடுங்க" என்றதாம்.

அதற்கப்புறம் கனி தப்பிக்க முடியவில்லை. மஞ்சள் ரிப்பன் பிள்ளை வீட்டுக்குப் போன கையோடு மூச்சுத் திணறலோடு ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் மஞ்சள் காமாலை வந்தது, கல்லடைப்பு வந்தது. ஷெட்டிலிருந்து வந்ததும் வராததுமாக அவளை பெஞ்சில் உட்கார வைத்து, கையில் டீயைக் கொடுத்து, "அடுத்த பாடம்" என்றார்கள். ஐப்பசியில் மழை பிடித்து அளத்தில் வேலை நின்றபோது, போக வேறு இடம் இல்லாத ஊர் காலையிலேயே கடைக்கு வந்து உட்கார்ந்தது. அவர்கள் கேட்ட கேள்விகளை எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவளிடம் யாரும் கேட்டதில்லை. ரத்தம் சிவப்பு என்றால் கை நரம்பு ஏன் பச்சையாகத் தெரிகிறது என்றும், அழும்போது மூக்கு ஏன் ஒழுகுகிறது என்றும், ஒரு மனுஷனுக்குச் சிறுநீரகம் ரெண்டு வைத்த கடவுள் இதயத்தை மட்டும் ஏன் ஒன்றோடு நிறுத்தினார் என்றும் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததற்கு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று எழுந்து போய்த் தேடினாள். தேடத்தேடப் படிப்பு அவள் கைக்கு வந்தது. தை பிறக்கையில் ஷெட்டு வேலையை விட்டாள். மூன்றாம் தடவையாகத் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். பரண் காலியாகவே கிடந்தது.

இதிலெல்லாம் சேராத ஒரே ஆள் அவள் அப்பா பால்துரை. சின்ன லோடு வண்டியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிறவருக்கு மத்தியானத் தூக்கம் ஏது? ஊரே தன் மகள் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிவதைக் கேள்விப்பட்டதோடு சரி. பங்குனியில் ஒருநாள் அவர் வண்டியை உடைமர நிழலில் நிறுத்திவிட்டு, சீட்டிலேயே கண்ணை மூடினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, மகள் பக்கத்தில் வந்து சும்மா நின்றார்.

"என்னப்பா?"

"பார்த்தேம்மா." சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைத் தடவிக்கொண்டார். "என் இனிஷியலு முன்னால நிக்கி. நீல நூல்ல, எழுத்து நல்ல எடுப்பா இருக்கு. கழட்டவே மனசு வரல."

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் லிங்கம்மாளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கனவு இல்லாத பிள்ளை பரீட்சையில் எப்படித் தேறும்? ஊரைக் கூட்டி, கனவைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டாள். நியாயம்தான் என்றார்கள். எப்படிக் கொடுப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மிக்கேல் யோசித்துச் சொன்னார்: "நாம யாரும் தூங்கக் கூடாது. கனி மட்டும் தூங்கட்டும். வேற எடம் இல்லன்னா அது அவகிட்டத்தானே போவணும்?"

அடுத்த மத்தியானம் நண்டுமேடு விழித்திருந்தது. அப்படி ஒரு கூத்து அந்த ஊரில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. கபடி விளையாடினார்கள். உப்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார்கள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். கைக்குழந்தைகளை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டினார்கள். நின்றபடியே கண் சொருகிய கங்காணியை நாலு பேர் சேர்ந்து தண்ணீர் டிரம்முக்குள் முக்கி எடுத்தார்கள். வண்டிமலைச்சி மட்டும் யாரோடும் சேராமல், தன் வீட்டு முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தூங்காத கண்ணோடு நின்றாள்.

கனி எழுந்து வெளியே வந்தபோது ஊரே வாசலில் இருந்தது.

"வந்துச்சா?"

"வரல" என்றாள் கனி. "நல்லாத் தூங்கினேன்."

எல்லாரும் சோர்ந்துபோனார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு முகம் மட்டும் சட்டென்று மலர்ந்து, மலர்ந்ததற்காக வெட்கப்பட்டுக் குனிந்ததைக் கனி பார்த்துவிட்டாள். நேரே வண்டிமலைச்சியிடம் போனாள்.

"அத்தை, உங்களுக்கு அது வேணும்தானே?"

"வேணும்ளா" என்றாள் வண்டிமலைச்சி. பொய் சொல்லத் தெரியாதவள். "காலையில பூரா எல்லாரும் என் தலையில உப்புப் பெட்டியத் தூக்கி வைக்காவ. அங்க போனா, 'டாக்டர், நாடி பாருங்க'ன்னு கைய நீட்டுதாவ. ஆனா அது உன்னோடது. எடுத்துக்கோ."

"நீங்களே வச்சிக்கிடுங்க. முன்னாடி எங்கிட்ட அந்தக் கனவு மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப ஈரல் இருக்கு, நுரையீரல் இருக்கு, கணையம் இருக்கு. அத வைக்க எங்கிட்ட எடமில்ல அத்தை."

வண்டிமலைச்சி அவளை இழுத்து இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள். பிறகு, நேரமாகிவிட்டது, வார்டில் ஆள் இல்லை என்று தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

தேர்வு மத்தியானத்தில் நடந்தது. பால்துரையின் லோடு வண்டியில் கனி போனாள். அன்றைக்கும் ஊரில் யாருக்கும் கண் மூடவில்லை; யாரும் சொல்லாமலேயே விழித்துக் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது தெரியாது. மிக்கேல் கடை வெள்ளாடு மட்டும் அடுப்போரம் படுத்து உறங்கியதையும், உறக்கத்தில் மிகுந்த பொறுப்போடு அது தலையசைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தவர்கள் உண்டு.

கனிக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஊரே வந்து பஸ் ஏற்றியது. "ஏதாவது சந்தேகம்னா எங்களக் கேளு" என்றார் கங்காணி, உண்மையாகத்தான் சொன்னார்.

கல்லூரியில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. பிணம் அறுத்துப் படிக்கிற கூடத்து நாற்றத்தில் முதல் வாரம் சோறு இறங்கவில்லை; இங்கிலீஷில் வேகமாகப் பேசுகிறவர்கள் நடுவில் முதல் வருஷம் தானாக வாய் திறக்கவில்லை. ஆனால் யாராவது எதையாவது கேட்டால் மிக்கேல் கடை பெஞ்சுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வாள், அது சரியாகவே வந்தது. கனவு மட்டும் வருவதே இல்லை. படுத்தால் விடிந்துவிடும்.

மூன்றாம் வருஷம், வெளிநோயாளிகளிடம் பேசிக் குறிப்பெடுக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டலில் அசந்து படுத்தவளுக்கு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு கனவு வந்தது. முன்பின் பார்த்திராத ஓர் அளத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் வாருபலகை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. பாதம் பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு முற்றிய கடுந்தண்ணீர் இறங்கி நெருப்பாக எரிந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டே வாரினாள். எழுந்தபோது கழுத்தும் தோளும் கெஞ்சின.

மறுநாள் அவள் முன்னால் ராமநாதபுரத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் உட்கார்ந்து, கண் கூசுகிறது, தலை வலிக்கிறது என்று சொன்னாள். கனி எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "காலக் காட்டுங்கக்கா" என்றாள்.

அந்தப் பெண் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "காலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே தாயி. நீ எங்க ஊருப் பிள்ளையா?"

"இல்லக்கா. நேத்து மத்தியானம் உங்க அளத்துல உப்பு வாரிக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதானே பார்த்தேன்" என்றாள். "வடக்குப் பாத்தியில புதுசா ஒரு பிள்ளை நின்னு தட்டழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பலகைய அப்படிப் புடிச்சா உப்பு வருமா தாயி?"

சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கி, இரண்டு கால்களையும் கனியின் பக்கமாக நீட்டினாள்.